மேஸ்திரிக்கு ஒரு ஜோடி

பல்செட்டக்கா வீட்டு மேஸ்திரி சாப்பாட்டை நிறுத்தியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மேஸ்திரி என்றால் ஆள் இல்லை, முயல். சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் சாய்ந்தே இருக்கும். வீட்டில் ஒரு முக்காலியை நகர்த்தி வைத்தால்கூட உடனே வந்து, மோந்து பார்த்து, மோவாயைத் தேய்த்து, சரி இருக்கட்டும் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகும். அதனால் அந்தப் பெயர். பல்செட்டக்கா என்றால் ஆள்தான். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுக்கு மெழுகில் ஈறு கட்டிப் பல் பதித்துக் கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. அவள் வீட்டுக்காரர் தெருமுனையில் சலூன் வைத்திருந்தார். வாய் அவள் பொறுப்பு, தலை அவர் பொறுப்பு, கழுத்துக்கு மேலே இந்தக் குடும்பத்தைத் தாண்டி எவனும் போக முடியாது என்று பட்டறையில் கிண்டல் அடிப்பார்கள்.

மேஸ்திரியின் ஜோடி குண்டம்மா செத்துப்போயிருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. பெண் முயலுக்கு வயது ஏற ஏற அங்கே கட்டி வருவது சகஜம், சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அந்த வம்பே இல்லை என்று கால்நடை டாக்டரம்மா சொன்னபோது குண்டம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. முன்பே சொல்ல ஒரு நாதி இல்லை. அது போனபிறகு மேஸ்திரி அது படுத்திருந்த மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. கீரையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முயல் வயிறு காலியாகக் கிடந்தால் குடல் நின்றுபோகும், அப்புறம் பிழைப்பது கஷ்டம். பல்செட்டக்கா புல்லைக் கூழாக அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரம் விட்டு விட்டு அதன் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

"தனியா விட்டா இது தேறாதும்மா" என்றாள் டாக்டரம்மா. "இன்னொண்ணு கொண்டு வாங்க. ஆனா கொண்டுவந்த கையோட ஒண்ணா விட்டுடாதீங்க. பொண்ணா இருந்தா முதல்ல ஆபரேஷன். அப்புறம் உடம்பு அடங்கற வரைக்கும் சில வாரம் தனிக் கூண்டு. அதுக்கப்புறம்தான் அறிமுகமே."

"மேஸ்திரிக்குத்தான் சின்னதுலயே ஆபரேஷன் ஆயிடுச்சே டாக்டர். குட்டி போடற பயம் இல்லையே."

"குட்டியைப் பத்தி நான் பேசல. ஆபரேஷன் ஆகாத பொண்ணு முயல் தன் இடத்துக்காக எதையும் செய்யும். எதிர்ல நிக்கறது கிழமா, நோயாளியான்னு பார்க்காது. உங்களுது ஏற்கெனவே ஒடிஞ்சுபோய் இருக்கு. ஒரு சண்டை வந்தா தாங்காது. இன்னொரு குண்டம்மாவும் உங்களுக்கு வேண்டாம்."

இதைப் பல்செட்டக்கா வீட்டுக்கு வந்து வரி பிசகாமல் வீட்டுக்காரரிடம் ஒப்பித்தாள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் நடந்துவிட்டது என்று பின்னால் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வழியே கிடையாது.

பெண் பார்க்க இருவரும் சேர்ந்துதான் போனார்கள். ஜெராக்ஸ் கடைக்காரம்மா ஒருத்தி ஊரைவிட்டுப் போவதால் தன் முயலை யாருக்காவது கொடுத்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை உடம்பு, முதுகில் காப்பி நிறத்தில் ஒரு திட்டு, ஒன்றரை வயது. சலூன்காரர் தலையைப் படிய வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"பொண்ணு குணம் எப்படிங்க? பெரியவங்களுக்கு அடங்கி நடக்குமா?"

"பேப்பரைக் கடிக்கும். மத்தபடி தங்கம்" என்றாள் கடைக்காரம்மா.

"எங்க வீட்டுல பேப்பர் கிடையாது, முடிதான். சரி, மருமகளை அனுப்பி வைங்க."

மகன் இருந்தால்தானே மருமகள் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கேட்டிருந்தால் மேஸ்திரியைக் காட்டியிருப்பார். அன்றிலிருந்து அதற்கு மருமகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பல்செட்டக்கா அன்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது பட்டறையில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. முதலாளி விரல் விட்டு எண்ணுகிற மாதிரிதான் லீவு கொடுப்பார். அந்த லீவை ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள வைத்துக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். "நீ ஏன் கவலைப்படற? காலையில நான் கொண்டுபோறேன், சாயங்காலம் கையோட கூட்டிட்டு வர்றேன்" என்றார் சலூன்காரர். நம்பினாள். கட்டிய புருஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

சாயங்காலம் கூடையோடு வந்தார். மருமகள் ஒரு துண்டில் சுருண்டு கிடந்தது. வயிற்றுப்பக்கம் முடி வழிக்கப்பட்டு, ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது. அதன்மேல் மஞ்சளாக மருந்து பூசியிருந்தது. தையல் எங்கே என்று அவள் குனிந்தாள். அவர் கையைத் தடுத்தார்.

"தொடாத. உள்பக்கம் தையலாம். மேல பசை மாதிரி ஒண்ணு போட்டிருக்காங்க. பிரிச்சுப் பார்த்தா விட்டுப்போயிடுமாம்."

"எவ்வளவு சுத்தமா வழிச்சிருக்காங்க பாருங்களேன்" என்றாள் அவள். "ஒரு கீறல் இல்ல. ஓரம்கூட நூல் பிடிச்ச மாதிரி. டாக்டரம்மா கை கைதான்."

சலூன்காரர் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்து போனது. தொழில்காரனுக்குப் பாராட்டு என்றால் இருக்கிற இடம் மறந்துபோகும். அவள் அதைப் பார்த்தாள். முயல் நல்லபடி திரும்பி வந்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள், பாவி.

அப்புறம் அவள் பட்ட பாடு இருக்கிறதே. சேர்த்து வைத்த லீவையெல்லாம் போட்டாள். முயல் கட்டில்மேல் தாவினால் தையல் பிய்யும் என்று பாயை ஹாலில் விரித்துப் பக்கத்திலேயே படுத்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய் வைத்தாள். அவளுக்கும் முன்பு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். இருமினால் வயிறே கிழிகிற மாதிரி இருக்கும், சிரிக்கக்கூட பயமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "கொஞ்சம் பொறுத்துக்கோடி, எல்லாம் சரியாயிடும்" என்று அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். வலி மருந்து என்று அவர் ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்திருந்தார். வேளாவேளைக்கு அதையும் கொடுத்தாள். மருமகள் மருந்தைக் கண்டால் ஓடி வந்து சிரிஞ்சையே கடித்து உறிஞ்சியது. மருந்தை இப்படி ஆசையாகக் குடிக்கும் பிராணியை அவள் பார்த்ததில்லை. சமர்த்து என்று மெச்சினாள்.

சலூன்காரர் இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மட்டும், "நீ உள்ள வந்து படேன், அது நல்லாத்தான் இருக்கு" என்றார். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவர் எழுந்து போனார்.

சில வாரங்கள் போயின. டாக்டரம்மா சொன்னபடி நடுவில் கம்பித் தடுப்பு வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டாள். இதன் துணியை அதற்கும் அதன் துணியை இதற்கும் மாற்றிப் போட்டு வாசனை பழக்கினாள். மேஸ்திரி ஒரு நாள் சுவரை விட்டுத் திரும்பியது. இன்னொரு நாள் தடுப்போரம் வந்து படுத்தது. அப்புறம் யாரும் ஊட்டாமல் தானே ஒரு கேரட் இலையை எடுத்துக் கடித்தது. கரக் கரக் என்று அந்தச் சத்தம் கேட்டதும் பல்செட்டக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறைக்குப் போன் போட்டு, "எங்க மேஸ்திரி சாப்பிட்டுட்டாரு" என்றாள்.

அந்தச் சமயத்தில் மருமகள் ஒரு வேலை செய்தது. நெஞ்சு முடியை வாயாலேயே பிடுங்கிப் பிடுங்கி மூலையில் குவித்தது. வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்தது.

"என்னங்க, இது முடியைப் பிச்சுக்குதே?"

"தையல் ஆறுதுல்ல, அரிக்கும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

நெஞ்சில் ஏதடா தையல் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி விட்டாலும் பல் கடிக்காது என்று பட்டறையில் பிறருக்குப் பாடம் எடுக்கிறவள். தோன்றவில்லை. வெளியாள் சொல்லியிருந்தால் துருவித் துருவிக் கேட்டிருப்பாள்.

இரண்டையும் நேருக்கு நேர் விட, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். வீட்டில் மேஸ்திரி மோவாய் தேய்க்காத இடமே இல்லை. அதனால் சலூன் விடுமுறை நாளில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தரையைக் கழுவித் துடைத்துப் பழைய போர்வை விரித்தார்கள். நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். சுற்றிலும் கண்ணாடி. முதலில் மேஸ்திரியை இறக்கினாள். அது நாற்காலிக் காலை மோந்தது, கீழே கிடந்த சீப்பை மோந்தது. வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று அவள் சிரித்தாள். பிறகு மருமகளை விட்டாள். மேஸ்திரி மெதுவாக அதன் எதிரே போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தி வைத்தது. என் நெற்றியை நக்கு என்று முயல் பாஷையில் அர்த்தம். குண்டம்மா போனபிறகு அது யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

மருமகள் பாய்ந்தது. இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. முடி பறந்தது. மேஸ்திரி கத்தியது. முயல் கத்தி அவள் கேட்டதே இல்லை. குழந்தை வீறிடுகிற மாதிரி இருந்தது. பல்செட்டக்கா போர்வையைத் தூக்கி மேலே போட்டு, கையை விட்டுப் பிரித்தாள். அவள் மணிக்கட்டிலும் ஒரு கடி. மேஸ்திரியின் சாய்ந்த காது நீளமாகக் கிழிந்து தொங்கியது. சலூன்காரர் மருமகளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றார்.

டாக்டரம்மா காதைத் தைத்துக்கொண்டே கேட்டாள். "ஆபரேஷன் ஆகாம ஒண்ணா விடாதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே?"

"அதான் நீங்களே பண்ணீங்களே டாக்டர்."

"நானா? எப்போ?"

பல்செட்டக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் கொண்டு வந்தாரே. வயித்துல வழிச்சு, உள்தையல் போட்டு..."

டாக்டரம்மா ஊசியை நிறுத்தினாள். "வந்தார். வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். கூப்பிடும்போது ஆள் இல்ல. போன் பண்ணினோம். நீங்க ரெண்டு பேரும் பேசி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டதா சொன்னார். நாங்க அதைத் தொடவே இல்லம்மா. சரி, அது நெஞ்சு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டுச்சா?"

"கட்டுச்சு."

"கர்ப்பப்பை எடுத்த முயல் கூடு கட்டாது. குட்டி வரப்போகுதுன்னு அதுக்கு ஒரு பிரமை. அந்த நேரத்துல பக்கத்துல யார் வந்தாலும் கடிச்சுக் கொதறிடும். அது மேல தப்பு இல்ல."

தப்பு யார்மேல் என்று பல்செட்டக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காதில் கட்டுப் போட்ட மேஸ்திரியை வீட்டில் விட்டுவிட்டு, நேரே சலூனுக்குப் போனாள். ஷட்டர் இன்னும் பாதிதான் இறங்கியிருந்தது. அவர் முயல் முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்ததுமே துடைப்பம் நின்றுவிட்டது.

"எதால வழிச்சீங்க?" என்றாள்.

அவர் அலமாரியைப் பார்த்தார். "சின்ன டிரிம்மர்ல."

"மஞ்ச மருந்து?"

"இங்க இருக்கறதுதான். பிளேடு பட்டா போடறது."

"வலி மருந்து?"

"சர்க்கரைத் தண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் வந்தது. "இல்லாத காயத்துக்கு நான் தரையில கிடந்தேன். இருந்த லீவெல்லாம் போட்டேன். நீங்க நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தீங்க. கேனச்சின்னு நினைச்சீங்களா?"

"இல்லம்மா. அங்க உட்கார்ந்திருந்தேனா, அது என் கக்கத்துல தலையை விட்டுக்கிட்டு நடுங்குச்சு. உள்ள யாரோ கத்திரி வைக்கற சத்தம் கேட்டுச்சு. என்னால முடியல. எழுந்து வந்துட்டேன். அப்புறம் உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல."

"முடியலன்னு சொல்லியிருக்கலாம். நான் கொண்டுபோயிருப்பேன்."

"சொல்லத்தான் நினைச்சேன். நீ அதைக் கையில வாங்கி, வழிச்சது சுத்தமா இருக்குன்னு சொன்னியா, அதோட வாய் அடைச்சுப்போச்சு." அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. "எனக்கு அந்த பெஞ்சு ஆகாது. உன்னை உள்ள கொண்டுபோனப்பவும் என்னால உட்கார முடியல."

"எப்போ?"

அப்போதாவது அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பொய்யைத் திறமையாகச் சொல்கிற மனுஷனுக்கு உண்மையை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. "உன் ஆபரேஷன் அன்னைக்கு. கதவைச் சாத்தினதும் இங்க வந்துட்டேன். யார் யாருக்கோ வெட்டினேன். கை ஓடிட்டு இருந்தா பயம் தெரியல. நர்ஸ் போன் பண்ணதும் ஓடி வந்தேன்."

பல்செட்டக்கா வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று கதவு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "இங்கயேதான் இருப்பேன், வாசல்ல" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மயக்க ஊசிக்குக் கையை நீட்டினாள். கண் திறந்தபோது அவர் முகம் மேலே இருந்தது. சலூன் பவுடர் வாசனை அடித்தது. அது எப்போதும் அடிக்கிற வாசனைதானே என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வாசலிலேயே கிடந்தார் மனுஷன் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறாள், அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள், அவரை வைத்துக்கொண்டே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் அடக்கமாகக் கீழே பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறார். இவர்மேல் கோபம் வந்த நாளிலெல்லாம் அவள் அதை நினைத்துத்தான் தணிந்து போயிருக்கிறாள். இவ்வளவு நாளும் அவளை இந்த வீட்டில் சமாதானமாக வைத்திருந்தது அந்த ஒன்றுதான்.

அவள் கத்தவில்லை. "பெருக்கி முடிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

மேஸ்திரியின் காது ஆறியது. ஆனால் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தது. மறுபடியும் சிரிஞ்சு, மறுபடியும் கூழ். வீட்டில் பேச்சு, சாப்பிட வாங்க, விளக்கை அணைங்க என்கிற அளவில் நின்றது. மருமகளைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று அவர் ஒரு தடவை கேட்டார். "அது என்ன பொய்யா சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

மருமகளின் பிரமை அடங்கியதும் டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தாள். இந்த முறை பல்செட்டக்கா முதலாளியிடம் சம்பளம் இல்லாத லீவு கேட்டு வாங்கி, கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். மருமகள் அவள் கக்கத்திலும் தலையை விட்டுக்கொண்டு நடுங்கியது. அவளுக்கும் எழுந்து போய்விடலாம் போல இல்லாமல் இல்லை. கூப்பிட்டார்கள், கொண்டுபோய்க் கொடுத்தாள். "நீங்க போயிட்டுச் சாயங்காலம் வாங்கக்கா, எல்லாரும் அப்படித்தான்" என்றாள் உதவிக்கு இருந்த பெண். "இல்லம்மா, இருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சலூன்காரர் வந்தார். சலூனில் கூட்டம் அலைமோதும் நாள். கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக்கூட எடுக்கவில்லை. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"உள்ள கொண்டுபோயிட்டாங்களா?"

"ம்."

"நானும் இருக்கேன்."

அவள் அவரைப் பார்த்தாள். வியர்த்திருந்தது. கை துண்டு நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ தட்டில் இரும்பு வைக்கும் சத்தம் கேட்டதும் அவர் தோள் குலுங்கியது.

"எதுக்கு இருக்கணும்?" என்றாள். "நீங்க வாசல்ல இருக்கீங்களா இல்லையான்னு உள்ள மயங்கிக் கிடக்கறதுக்குத் தெரியப்போறதில்ல. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுதா? போங்க. போய்க் கடையைத் தொறங்க."

அவர் எழுந்தார். துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டார். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் படியில் இறங்கி, தெருவில் கலந்து, கேட்காமல் போனது. போகச் சொன்னால் போகமாட்டார் என்று, இவ்வளவுக்குப் பிறகும், அவள் நம்பியிருந்தாள்.